பைப்பில் கட்டிய எர்த்

தாம்பரம் மார்க்கெட் பக்கம் இருந்த ஹேமநாத்தின் எலக்ட்ரிகல் கடைக்கு லோகநாதன் நடையாய் நடந்தான். ஒயர்மேன் சர்டிபிகேட் பரீட்சைக்கு விண்ணப்பிக்க நாளை கடைசி நாள். லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் ஒருவர், இவன் என்னிடம் வேலை பார்த்தவன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் இருந்தால்தான் பரீட்சை. பரீட்சை தேறினால்தான் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கம்பெனியில் வேலை. அதுவும் கைநழுவினால் பெண்டாட்டி பிள்ளையோடு நடுத்தெருதான்.

லைசென்ஸ் வைத்திருந்த ஹேமநாத் கையை விரித்துக்கொண்டே இருந்தார். லோகநாதன் ஒயர் இழுத்த வீடுகள் அத்தனையும் காகிதத்தில் அவருடைய மச்சான் இழுத்தவை. மச்சானிடம் சர்டிபிகேட் இருந்தது. ஆள்தான் துபாயில் இருந்தான். அங்கே இருந்தபடியே சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் வீடு வீடாக ஒயர் இழுத்தான் அந்த மகராசன்.

இன்று காலை ஹேமநாத்தே கூப்பிட்டு அனுப்பினார். டீ வரவழைத்தார். டைப் அடித்த கடிதத்தை நீட்டினார். லோகநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுத்துக் கூட்டிப் படித்தான். மாடம்பாக்கத்து வீடு ஒன்றின் விலாசம் போட்டு, ஒயரிங் முழுவதும் இவரே செய்தது என்று இருந்தது.

"இன்னா சார், இந்த ஒரு வூடு மட்டும் போட்டுகீறீங்க?"

அதற்குள் கடை போன் அடித்தது.

"ஆமா சார், அந்த வீடு லோகநாதன் செஞ்சதுதான். லெட்டரே குடுத்திருக்கேன்," என்றார் ஹேமநாத், அவனைப் பார்க்காமல்.

"யாரு சார் போன்ல?"

"போலீஸ் ஸ்டேஷன்லேருந்து. நேத்து அந்த வீட்டம்மா வாஷிங் மெஷின்ல ஷாக் அடிச்சு செத்துட்டாங்க."

லோகநாதனுக்கு அந்த அம்மாளைத் தெரியும். சாமுண்டீஸ்வரி அக்கா. வேலை நடந்த நாளெல்லாம் மோர் கொடுத்தவள்.

கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பிக்குத் தனியாகக் குழி தோண்ட வேண்டும். ஹேமநாத் எந்த வீட்டிலும் தோண்ட விட்டதில்லை. இரும்புத் தண்ணீர்க் குழாய்தான் மண்ணுக்குள் போகிறதே, அதிலேயே கட்டிவிடு என்பார். இவனும் கட்டினான்.

"பைப்புல கட்டச் சொன்னது நீங்கதான சார்?"

"இரும்பு பைப்பை எடுத்துட்டு கரண்ட் எறங்காத பிளாஸ்டிக் போட்டுட்டாங்க, நான் என்ன பண்றது? கட்டினது உன் கை. லெட்டர் வேணும்னா எடுத்துக்கோ. நாளைக்குக் கடைசி நாள்."

பாவி, எப்படிக் கோத்துவிட்டான். ஆனால் கட்டியது தன் கைதான். அதை யார் தலையில் தள்ள முடியும்? லோகநாதன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனான். அப்போதுதான் மற்ற வீடுகள் நினைவுக்கு வந்தன. கடிதத்தைத் திரும்ப நீட்டினான்.

"மத்த வூட்டையும் எழுதுங்க சார். எல்லாத்துலயும் பைப்புலதான் கட்டிகீறேன்."

ஹேமநாத் கடிதத்தை அவன் பக்கமே தள்ளினார். லோகநாதன் கடிதத்தை மேசைமேலேயே போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தான். சேலையூர்வரை மூச்சுவிடாமல் மிதித்து, முதல் வீட்டுக் கதவைத் தட்டினான். வீட்டுக்காரி செல்லியம்மாள் ஈரக்கையோடு வந்து திறந்தாள். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, தண்ணி பைப்பு ஏதும் மாத்தினியா?"

"போன வாரந்தான் மாத்துனோம். இரும்பு துருப்புடிச்சிப் போச்சுன்னு பிளாஸ்டிக் போட்டோம். ஏன் லோகு?"

"எதையும் தொடாதக்கா. அங்கியே நில்லு," என்று அவளைத் தாண்டிக்கொண்டு மெயின் சுவிட்சை நோக்கி ஓடினான்.