ஏழாம் நம்பர் தடி

1

இந்தக் கதையை ஒரு கள்ளனைப் பற்றித்தான் எழுதத் தொடங்கினேன். கள்ளன் பெயர் கனகதாஸ். ஆரியங்கோட்டுத் தச்சன், எனக்கு மாட்டுத் தொழுத்து கட்ட வந்தவன். போன வருசம், தொண்ணூற்றைந்தில், நோட்டில் எழுதிய முதல் வரி இது:

கனகதாஸ் என் அயனித் தடியைக் கடத்தி

அதோடு நிற்கிறது. அடிக்காமல் விட்டிருக்கிறேன். இப்போது கள்ளன் இல்லை, கதை மட்டும் மிச்சம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். எழுத்தில் பிழை இருக்கும், சொல்வதில் இருக்காது. (இருந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.)

2

மரம் என்னுடையது. வீட்டைச் சுற்றிய விளையின் வடக்கு மூலையில் நின்ற மூன்று அயனி. மில்லுக்குக் கொண்டுபோனால் தடியை மாற்றிவிடுவார்கள் என்று, அறுப்புக்காரர்களை விளைக்கே வரவழைத்தேன். பதினொரு தடி. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புப் பெயின்டில் என் கையாலேயே நம்பர் போட்டேன். பூச்சி அரிக்காமல் இருக்க எங்கள் குளத்தில் கல்லேற்றி ஊறப்போட்டேன்.

தூணுக்கு உள்ளதை முதலில் எடுத்துச் செதுக்கி நட்டான் கனகதாஸ். பிறகு உத்தரத்துக்கு ஏழாம் நம்பரை எடுக்கப் போனோம். இல்லை.

சேற்றில் புதைந்திருக்கும், தண்ணீரை இறைத்துப் பார்க்கலாம் என்றான். என்னைக் குளத்தில் தேட விட்டுவிட்டு இவன் காரியத்தை முடிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தேன். காரணம் உண்டு. அந்த மாதம்தான் அவன் தன் வீட்டு முன்வாசலுக்குப் புது நிலை வைத்திருந்தான். அயனி.

3

இந்தப் பகுதியை நாலு தடவை எழுதினேன். மூன்றில் நான் தனியாக அவன் வீட்டுக்குப் போகிறேன். உண்மையில் இரண்டு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அவன் மனைவி விஜயம்மா வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு அரிந்துகொண்டிருந்தாள். அவளை நகரச் சொல்லிவிட்டு நிலையை டேப் வைத்து அளந்தேன். அகலம் ஒத்து வந்தது. (எல்லா வீட்டு நிலையும் ஏறக்குறைய அந்த அகலம்தான். அது அன்றைக்கும் எனக்குத் தெரியும்.)

மறுநாள் காலை உளிகளை எடுக்க வந்தான். நான் தொழுத்தில் நின்றிருந்தேன்.

"அண்ணே, நான் நட்ட தூணுல சாஞ்சு நின்னுட்டு என்னெக் கள்ளன்னு சொல்லுதியளே."

"தூணு எனக்க மரமாக்கும்," என்றேன்.

உளிகளைத் துடைத்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விட்டான். சாட்சிகள் சும்மா இருக்கவில்லை. பெருங்கடவிளையில் அவனுக்குப் பேசி வைத்திருந்த ஒரு வீட்டு வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. நான் இடவப்பாதி மழைக்கு முன்னால் தென்னந்தடியை உத்தரமாகப் போட்டு ஓடு வேய்ந்தேன். நடுவில் தொய்ந்திருக்கிறது. பசு அதன் அடியில் படுப்பதில்லை. அதற்கும் என்னைப் போலத்தான், ஒன்றிலும் நம்பிக்கை கிடையாது.

4

இந்த வருசம் மீன மாசத்து வெயிலில் குளம் வற்றியது. சேற்றிலிருந்து ஒரு முனை துருத்திக்கொண்டு நின்றது. என் மனைவி கல்யாணசுந்தரி இறங்கிப்போய்த் தென்னந்தொண்டால் தேய்த்தாள்.

"செவத்த ஏழு. உங்க எழுத்தாக்கும்."

தடியைக் கரையேற்ற நாலு ஆள் வேண்டியிருந்தது. அன்றைக்கே கனகதாஸிடம் போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"எழுதி ஆருக்கு? அந்த மனுசனுக்கு மலையாளம் அல்லாம ஒரு எழுத்து தெரியாது."

எனக்குத் தமிழ் அல்லாமல் ஒரு எழுத்து தெரியாது. அது வசதியாகப் போயிற்று. (இந்த வரியை அடிக்கலாமா என்று யோசித்தேன். கிடக்கட்டும்.)

5

முடிவு ஒன்று: கனகதாஸ் வருகிறான், தடியைப் பார்க்கிறான், சிரிக்கிறான், உத்தரத்தை மாற்றிப் போடுகிறான். பொய். அதற்கு அவன் என் விளையில் கால் வைக்க வேண்டும்.

முடிவு இரண்டு: தடியை வெட்டி விறகாக்கிவிட்டால் யாருக்கும்

கோடாலி எடுத்தது உண்மை. பிறகு திரும்பக் கொண்டுபோய்ச் சாய்த்து வைத்தேன்.

முடிவு மூன்று நீங்கள். பாறசாலையில் ஆரியங்கோடு பஸ் ஏறுங்கள். கனகதாஸ் மேஸ்திரி வீடு என்று கேளுங்கள். அயனி நிலை வைத்த வீடு. அந்த வாசலில் நின்று இதில் மூன்றாம் பகுதியையும் நாலாம் பகுதியையும் உரக்க வாசியுங்கள். தமிழில் எழுத்துதான் அவனுக்குத் தெரியாது, சொன்னால் எல்லாம் புரியும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கேட்டால் நல்லது. நான் டேப் பிடித்ததை அவர்களும் பார்த்தார்கள்.

ஆனால் உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. முக்கில் இறங்கி ஒரு சாயா குடிப்பீர்கள். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, சொல்லியாயிற்று என்பீர்கள்.

கல்யாணசுந்தரியிடம் நான் மூன்று தடவை அப்படித்தான் சொன்னேன்.