உதடு படித்த வரி

வயர் நாற்காலி பின்னுவதில் ஸ்தனிஸ்லாஸுக்கு இன்னும் தடுமாற்றம் இல்லை. அதற்குக் கைப்பலம் போதும். பிரெய்ல் புள்ளியெழுத்துத் தாளில்தான் விரல் அவரைக் கைவிட்டது. முன்பெல்லாம் விரல்நுனியை நகர்த்தினால் ஒவ்வொரு புள்ளியும் மணல் போல நறநறக்கும். இப்போது போர்வைக்கு மேலிருந்து தடவுவது போல எல்லாம் ஒரே மழமழப்பு. சர்க்கரை, என்றார் டாக்டர்.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர். ஞாயிறு பூசையில் பைபிளின் முதல் வாசகம் அவருடையது. மற்ற நேரமெல்லாம் கையைப் பிடித்து நடத்துகிற ஊர், அந்தச் சில நிமிடம் அவர் வாயைப் பார்த்துக் காத்திருக்கும். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

சனிக்கிழமை மனைவி இஞ்ஞாசியம்மாள் படிக்கப் படிக்க அவர் ஊசியால் புள்ளி குத்துவார். குத்தும்போதே மனப்பாடமாகிவிடும். மறுநாள் விரலைச் சும்மா ஓட்டுவார். தொடக்கம் மறந்துவிடாதிருக்க முதலில் தாளை முத்தமிடுவார். உதடு இன்னும் மரத்துப்போகவில்லை; முதல் சொல்லின் புள்ளிகள் அதற்குத் தெரியும்.

"என்னா பக்தி!" என்பாள் முன்வரிசை செபாஸ்தியம்மாள்.

திருவிழாவன்று புதிய சாமியார் ஒரு கெட்டித்தாளை அவர் கையில் வைத்தார். "இன்னைக்கு வாசகம் வேற. உங்களுக்குன்னே மதுரையில பிரெய்ல்ல அடிச்சு வாங்கியாந்தேன்."

இஞ்ஞாசியம்மாள் பதறினாள். "சாமி, செத்த நேரம் குடுத்தா ஒருதடவ பாத்துக்கிருவாரு..."

"அவருக்கு எதுக்கும்மா ஒத்திகை?"

மைக் முன் நின்று முத்தமிட்டார். "எசாயா" என்ற தலைப்பு உதட்டுக்குக் கிடைத்தது. விரலை ஓட்டினார். மழமழப்பு. மறுபடி முத்தம், இன்னொரு சொல். மறுபடியும். கோயிலெங்கும் மூக்கு உறிஞ்சும் சத்தம். அழுகிறார்கள்! விரல் செத்துப்போச்சு என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சாமியார் தோளை அணைத்துக்கொண்டார்.

"உருகிட்டாரு, பாவம். அந்தோணிராஜ், நீ வாசிப்பா" என்று பீடத்தருகே நின்ற இளைஞனைக் கூப்பிட்டார்.

பூசை முடிந்ததும் சாமியார் சொன்னார்: "இனி வாராவாரம் நீங்க முத்தம் மட்டும் குடுங்க. தம்பி வாசிச்சிருவாப்ல."

"நல்லவேள, யாருக்கும் தெரியல" என்றாள் இஞ்ஞாசியம்மாள், வீட்டுக்குப் போகும் வழியில்.

அடுத்த ஞாயிறு அந்தோணிராஜ் அவரைக் கைப்பிடித்துப் படியேற்றி, ஒரு தாளை நீட்டினான். உதட்டில் ஒற்றிப் பார்த்தார்.

ஒரு புள்ளிகூட இல்லை. வெறும் தாள்.

முத்தமிட்டார்.