கையால் செய்த திருத்தம்

“மணி அடிச்சா இந்த வீட்டுல முதல்ல யாரு எந்திரிப்பா?” என்று நெட்டை ஒருநாள் என்னிடம் கேட்டார்.

நெட்டை என்பது அண்ணன் தன் நண்பருக்கு வைத்த பெயர். இரண்டு பேரும் எங்கள் முன்னறையை ஆபீஸ் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா வேலைக்குக் கிளம்பியதும் சாப்பாட்டு மேசை அவர்கள் மேசையாகிவிடும். நான் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவள். எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. வராத குரலோடு தினமும் நாற்பது பேர் முன்னால் நிற்பது ஒரு கட்டத்தில் முடியாமல் போயிற்று. அதன்பின் வீட்டில் டீ போட்டேன், துணி மடித்தேன், அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்டதற்கு என்னையே விரலால் காட்டினேன்.

“வந்தது யாருன்னு பார்த்து, தண்ணியா டீயான்னு முடிவு பண்றதும் நீதானே? மத்த நேரத்துல நீ உன் பாட்டுக்கு இருப்பே. நாங்க பண்றதும் அதேதான். ஒண்ணு நடந்தா அதுக்குன்னு இருக்கிறது மட்டும் எந்திரிக்கும். வேலையை முடிச்சுட்டு மறுபடி படுத்துக்கும்.”

“இவளை மத்தியானத் தூக்கத்துல எழுப்பிப் பாரு, அப்புறம் பேசு,” என்றான் அண்ணன்.

அவர்கள் ஒரு பரிசோதனைக்கூடத்துக்காக வேலை செய்தார்கள். ரத்தமோ சதையோ எடுத்துக் கொடுத்தவர்களின் முடிவு கிளவுடில், அதாவது இணையத்தில் எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரில், வந்து விழும். விழுந்த சத்தத்தில் ஃபங்ஷன் என்று அவர்கள் சொல்லும் ஒரு குட்டி நிரல் எழுந்து, அவரவர் போனுக்குச் செய்தி அனுப்பும். எது நடந்தால் எது எழ வேண்டும், செய்தி யாருக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த ஃபைலை ஓட்டினால் கிளவுடில் இருப்பது அதில் எழுதியபடி ஆகிவிடும். இல்லாததை உண்டாக்கும், யாராவது மாற்றியிருந்தால் பழையபடி திருப்பிவிடும். அதற்குமுன் என்னென்ன மாறப்போகிறது என்று வரிசையாகக் காட்டி, சரியா என்று கேட்கும். ஆமாம் என்று தட்டினால்தான் நகரும்.

அதனால் அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. எதையும் நேராகப் போய்க் கையால் மாற்றக் கூடாது. ஃபைலில் எழுதித்தான் மாற்ற வேண்டும். ஒருமுறை அண்ணன் சோம்பேறித்தனமாகக் கையால் எதையோ மாற்றிவிட்டான். ஒரு வாரம் அவன்தான் டீ போட வேண்டும் என்று நெட்டை தண்டனை கொடுத்தார். மூன்றாம் நாளே, “போதும்டா சாமி, நானே மன்னிச்சுட்டேன்,” என்று டம்ளரை என்னிடம் நீட்டினார்.

அண்ணனின் நண்பர்களை நான் அண்ணா என்றுதான் கூப்பிட வேண்டும். அவரை அப்படிக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. அதனால் கூப்பிட்டதே இல்லை.

அவருடைய அம்மா ஒரு தையல் கடையில் வேலை பார்த்தார். கழுத்தில் ஒரு கட்டி வந்தது. டாக்டர் ஊசி போட்டுச் சதை எடுத்து, இவர்கள் வேலை செய்யும் அதே பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார். அன்று சாயங்காலம் நெட்டை லேப்டாப்பைத் திறக்காமல் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார்.

“டாக்டர் முகமே சரியில்லடா,” என்றார் அண்ணனிடம். “அப்பா போனதை அம்மாவுக்கு யாரோ போன்லதான் சொன்னாங்க. கையில கத்திரிக்கோலோட அப்படியே நின்னிருக்காங்க. பக்கத்துல ஒரு ஆள் இல்ல. இந்தத் தடவை என்ன வந்தாலும் நான் பக்கத்துல உட்கார்ந்துதான் அவங்களுக்குத் தெரியணும்.”

“மோசமான ரிசல்ட்டெல்லாம் முதல்ல டாக்டருக்கு மட்டும் போற மாதிரி பண்ணிடலாம்டா. அவர் சொன்னப்புறம் பேஷண்டுக்குப் போகட்டும். எல்லாருக்குமே அதான் நியாயம். லேப்ல கேட்டா வேணாம்னா சொல்லப் போறாங்க?” என்றான் அண்ணன்.

போன் போட்டுக் கேட்டார்கள். பரிசோதனைக்கூடத்து மேலாளர் ஒத்துக்கொண்டார். முடிவு வந்தால் உன்னைத்தான் முதலில் கூப்பிடுவேன் என்று டாக்டரும் நெட்டையிடம் சொன்னார். ஃபைலில் எழுதி, சோதித்துப் பார்த்து ஓட்டுவதற்குள் ராத்திரியாகிவிடும். நாலு நாள் ஆகும் என்றிருந்தார்கள், ஆனாலும் அதற்குள் முடிவு வந்துவிட்டால்? நெட்டையின் முழங்கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. அண்ணன் அதைப் பார்த்தான்.

“இரு, இப்ப கையால மாத்திடறேன். அப்புறமா ஃபைல்ல எழுதிடறேன்.”

டீ போட வைப்பேன் என்று நெட்டை சொல்லவில்லை. “சீக்கிரம்டா,” என்றார். அண்ணன் மாற்றினான். நெட்டையின் கால் நின்றது. அன்று அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் ஃபைலில் எழுதவில்லை. வேறொன்றும் காரணமில்லை, படுத்தவன் தூங்கிவிட்டான். மறுநாள் காலை பரிசோதனைக்கூடத்தில் கூப்பிட்டார்கள் என்று அவசரமாகக் கிளம்பிப் போனான். நெட்டை வந்தபோது நான் மட்டும் இருந்தேன். போனுக்குப் போகும் செய்தியின் வாசகத்தில் ஒரு வரி தப்பாக இருந்தது. அதைத் திருத்தி ஃபைலை ஓட்டினார். அண்ணன் இதற்குள் எழுதியிருப்பான் என்று நினைத்திருக்க வேண்டும். மாறப்போவதன் வரிசை திரையில் வந்தது. அவர் போனை எடுத்து, டாக்டர் கூப்பிட்டாரா என்று பார்த்தார். கூப்பிடவில்லை. போனைப் பார்த்தபடியே ஆமாம் என்று தட்டினார்.

மதியம் அவர் அம்மா கூப்பிட்டார். நெட்டை தட்டில் கை வைத்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

“என்னம்மா, கடையிலயா?”

“கடையிலதான். ஒரு சட்டைக்கு காலர் வெச்சிட்டிருந்தேன். டேய், நீங்க அனுப்புற மெசேஜ் எனக்கும் வந்திருச்சுடா.”

“என்ன மெசேஜ்?”

“ரிப்போர்ட்டுதான். நாலு நாள் ஆகும்னாங்க, அதுக்குள்ள கைக்கே வந்திருச்சு பாரு. நல்லாத்தான்டா பண்ணியிருக்க.”

நெட்டை எழுந்தார். சோற்றுக் கையோடு நின்றார்.

“அம்மா, அதைத் திறக்காத.”

“படிச்சுட்டேனே. எல்லாம் இங்கிலீஷா இருந்துச்சு. ஒரு வார்த்தைதான் புரிஞ்சுது.”

“பக்கத்துல யாரும்மா இருக்கா?”

“யாரும் இல்லடா. முதலாளியம்மா சாப்பிடப் போயிருக்காங்க. நீ ஒண்ணும் பதறாத. வேலையை முடிச்சுட்டு வா. சாப்பிட்டியா?”

“சாப்பிட்டுட்டிருக்கேம்மா.”

“நல்லா சாப்பிடு.”

மறுமுனையில் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு போன் அடங்கியது. நெட்டை கை கழுவாமலே லேப்டாப்பில் காலையில் வந்த வரிசைக்குப் போனார். ஒரு மாற்றம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. இரண்டாவது, அண்ணன் கையால் மாற்றியதைப் பழையபடி திருப்பியிருந்தது. இரண்டாவது வரியில் விரலை வைத்தார். திரையில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டது. அதைத் துடைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

அண்ணன் வந்ததும் நான்தான் நடந்ததைச் சொன்னேன். அவன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

“அவனா ஓட்டினான்? அவனேவா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

அன்று மாலையே அதை ஃபைலில் எழுதினான். அதற்குப்பின் அந்தப் பரிசோதனைக்கூடத்திலிருந்து யாருக்கும் அப்படி ஒரு செய்தி தனியாக இருக்கும்போது போய்ச் சேரவில்லை.

நெட்டையின் வீட்டுக்கு அண்ணன் இரண்டு தடவை போனான். அந்த அம்மாதான் கதவைத் திறந்தாராம். “ஏன்டா மூஞ்சியை இப்படி வெச்சிருக்க, உனக்கா வியாதி?” என்று கேட்டு டீ கொடுத்தாராம். இரண்டு தடவையும் நெட்டை உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை.

தன் அம்மாவுக்கு வைத்தியம் ஆரம்பித்தபின் ஒரு காலையில் நெட்டை எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் எதிரில் நின்றான்.

“நான் அன்னிக்கே எழுதியிருக்கணும்டா.”

நெட்டை லேப்டாப்பைத் திறந்தார்.

“திட்டுடா. ரெண்டு அடி வேணா அடி. நீ தவிக்கறேன்னுதான் அவசரமா பண்ணினேன். தப்புத்தான், பண்ணிட்டேன். நீ பேசாம மட்டும் இருக்காத.”

நெட்டை ஃபைலில் ஓர் இடத்துக்குப் போனார். உள்ளே நுழைந்து வேலை செய்ய யார் யாருக்கு அனுமதி என்று எழுதிய இடம். அங்கே இரண்டே பெயர்கள். தன் பெயர் இருந்த வரியை அழித்தார். ஓட்டினார். என்ன மாறப்போகிறது என்று திரை காட்டியது. முதல் வரியிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக, உதடு அசையப் படித்தார். மறுபடி மேலே போய் இன்னொரு தரம் படித்தார். அப்புறம்தான் ஆமாம் என்று தட்டினார்.

சார்ஜர் வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.  எனக்குக் குரல் வந்தது.

“அம்மா எப்படி இருக்காங்க?”

அவரிடம் நான் வாய்திறந்து கேட்ட முதல் கேள்வி அது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பேசியதை அவர் கவனித்தார் என்பது தெரிந்தது.  நாற்காலியை மேசைக்கடியில் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து போய்விட்டார்.