காவல்காரன் கிளறிய பாகு

அந்தக் குளிர்காலம் எங்களைப் படாத பாடு படுத்திவிட்டது. மரம் வெட்டும் முகாம்களில் ஒருவருக்கும் வேலை இல்லை. மாவு தீர்ந்து, ஜனவரி முழுக்க அணில் கறியும் உருளைக்கிழங்குமாக ஓட்டினோம். ஆனாலும் பனி இளகத் தொடங்கியதும் ஆகத் என்ற என் நாத்தனார் இரண்டு இரும்புக் கொப்பரைகளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கிளம்பு. மேப்பிள் மரத்துல சாறு ஏறிடுச்சு, சர்க்கரை காய்ச்சலாம்."

"எந்த மரத்துல, அண்ணி? நம்ம மரத்தையெல்லாம்தான் வெட்டிட்டாங்களே."

"ஏரிக்கு அந்தப் பக்கம் நிக்குதே."

"அது கம்பெனிக்காரன் காடு."

"அது மரத்துக்குத் தெரியுமா?"

ஆளுக்கொரு கொப்பரையை உருட்டிக்கொண்டு போனோம். மரத்தில் துளையிட்டு, மரக்குழாய் செருகி, அடியில் டப்பாக்களைக் கட்டினோம். மரப்பட்டைத் தொன்னைகள் போன வருஷமே கிழிந்துவிட்டதால் எல்லாம் பன்றிக்கொழுப்பு வந்த தகர டப்பாக்கள்தான்.

மூன்றாம் நாள், கொப்பரையில் காய்ச்சிய சாறு முதல் தடவையாகப் பாகாக இறுகும் நேரத்தில், கம்பெனியின் காவல்காரன் வந்து இங்கிலீஷில் அதட்டினான். அண்ணி என் தோளை இடித்தாள். சிறுவயதில் அவளைப் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் வைத்திருந்தார்கள். எங்கள் பாஷையில் பேசினால் வாயில் சோப்பைத் திணிப்பார்கள். அங்கே படித்த இங்கிலீஷ் சுத்தமாக மறந்துவிட்டது என்பாள். கடைக்குப் போனாலும் டாக்டரிடம் போனாலும் நான்தான் அவளுக்கு வாய்.

"என்ன சொல்றான்?"

"கம்பெனி மரமாம். நெருப்பை அணைச்சுட்டுக் கிளம்பணுமாம்."

"மரத்தைவிட இவன் மூக்கு நல்லா ஒழுகுது. அடியில ஒரு டப்பா கட்டட்டுமான்னு கேளு."

நான் காவல்காரனைப் பார்த்து, "ரொம்பக் குளிரா இருக்கு, நெருப்புகிட்ட வாங்கன்னு சொல்றாங்க" என்றேன்.

அவனும் வந்தான். அண்ணி பாகை மரத்தொட்டியில் ஊற்றிக் கிளறத் தொடங்கியிருந்தாள். அந்த நேரம் பார்த்து, பெரிய கொப்பரையைத் தாங்கிய கம்பு சரிந்தது. அண்ணி துடுப்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னோடு கம்பைப் பிடித்தாள். திரும்பிப் பார்த்து, அட்சரம் பிசகாத இங்கிலீஷில் சொன்னாள்:

"துடுப்பை எடு. கிளறு. நிறுத்தினா பாறையாயிடும்."

அவன் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கிளறினான். கம்பு என் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"அண்ணி, பன்னிரண்டு வருஷமா பேசச் சொல்லி என்னை ஏன் இழுத்தடிச்சீங்க?"

"நீ என்னைவிட மரியாதையா பேசுற. கம்பைப் பிடி."

கம்பை நிமிர்த்திக் கட்டி முடிப்பதற்குள் பாகு மணல்போலப் பொலபொலவென்று உதிர்ந்திருந்தது. காவல்காரன் ஒரு விரலால் தொட்டு வாய்க்குக் கொண்டுபோனான். அண்ணி அவன் மணிக்கட்டைத் தட்டிவிட்டாள்.

"முதல்ல அவங்களுக்கு."

மரத்தடியில் படையலாகப் புகையிலை வைத்தாள். ஒரு பிடி சர்க்கரை வைத்தாள். இறந்துபோனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்தக் குளிர்காலத்தில் இறந்த என் மாமனாரின், அதாவது தன் அப்பாவின், பெயரை மட்டும் இரண்டு முறை சொன்னாள். காவல்காரன் தொப்பியைக் கழற்றியிருந்தான்.

பிறகுதான் அவனுக்குக் கொடுத்தாள். மெதுவாகச் சப்பிச் சாப்பிட்டான்.

"மேனேஜர் வியாழக்கிழமை வருவார். அதுவரைக்கும் எனக்குத் தெற்குப் பக்கம் வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நாலு நாள் இருந்தது. செய்தி பரவி, பதினோரு குடும்பங்கள் சட்டியும் பானையுமாக வந்து இறங்கின. வியாழக்கிழமை காலையில் அந்தக் காட்டில் எங்கள் அடுப்புச் சாம்பல் மட்டும்தான் மிச்சம். அதற்குள் முப்பது பெட்டி சர்க்கரை ஏரியைக் கடந்துவிட்டது.

அடுத்த குளிர்காலத்தில் கம்பெனி அந்த மரங்களையும் வெட்டியது. அதைத் தடுக்க எங்களால் ஆகவில்லை. அண்ணி இரண்டு நாள் கொப்பரைகளைத் தேய்த்துக் கழுவினாள். மூன்றாம் நாள், பனியில் கால் புதையாமல் நடக்கும் பனிச்செருப்பை மாட்டிக்கொண்டு வடக்கே போனவள், நாலு நாள் கழித்து முழங்கால்வரை நனைந்து திரும்பி வந்தாள். சதுப்புக்கு அப்பால் எழுபது மேப்பிள் மரம் எண்ணியிருக்கிறாளாம். ஒன்றரை நாள் நடை. பனி இளகியதும் எல்லாரும் அங்கே போனோம்.