ஆட்டம் முடியட்டும்

பாலேந்திரா இங்கிலாந்தில ஒரு கவுண்டி கிரிக்கெட் கிளப்புக்குப் பத்து வருசம் ஆடினவர். பந்தும் போடுவார், ஏழாவதாய் இறங்கி மட்டையும் பிடிப்பார். ஓல்ரவுண்டர் எண்டால் சும்மாவோ! எண்பத்தாறில மைதானத்தில வைச்சு முதல் அணித் தொப்பி குடுத்தாங்கள், பேப்பரில படம் வந்தது. அந்த வருசம் லண்டன் செவன் கிங்ஸ் தமிழ்ச் சனமெல்லாம் அவரின்ர மனுசி கலாவதியைக் கண்டால் நிண்டு கதைச்சது. பிறகு முள்ளந்தண்டில வெடிப்பு. அதோட கிளப்புக்கு அவர் ஆகாதவர் ஆகிவிட்டார். வேண்டாப் பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம். இரண்டாவது அணிக்குத் தள்ளினாங்கள். ஊசி போட்டுப் போட்டு ஆடினார் மனுசன்.

தொண்ணூற்றொண்டு செப்டெம்பர். சீசனின்ர கடைசி ஆட்டம், நாலு நாள், லண்டனிலேயே. அது முடிய, ஆருக்கு அடுத்த வருசமும் கொன்ட்ராக்ட், ஆர் வீட்டுக்கு எண்டு கடிதம் குடுப்பாங்கள். முதல் அணியில ஒருத்தன் காயப்பட, பாலேந்திராவுக்கு இடம் கிடைச்சது. வயது முப்பத்திரண்டு, வேற தொழில் தெரியாது. இந்த நாலு நாளிலதான் சீவியம் தொங்குது எண்டு கலாவதிக்கு விளங்கியிருந்தது.

முதல் நாள் அவர் வெளிக்கிட்ட கையோட கொழும்பு லொட்ஜிலயிருந்து போன் கோல். பாலேந்திராவின்ர தங்கச்சி கனகாம்பிகை. கண் ஒப்பரேசனுக்கு எண்டு யாழ்ப்பாணத்திலயிருந்து கூட்டிவந்த தகப்பனுக்கு நெஞ்சு வருத்தமாம்.

"ஐயாவுக்குக் கடுமை, அண்ணி. அண்ணையோட ஒருக்காக் கதைக்கோணுமாம்."

"ஆட்டம் முடியட்டும் பிள்ளை. இப்ப சொன்னால் மனுசன் இடிஞ்சு போயிடும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நானே எடுத்துத் தாறன்."

எங்கட சனத்துக்கு இது ஒரு வியாதி, கண்டியளோ. சோதனை எழுதிறவனுக்குச் சாவீடு சொல்லமாட்டம், பிள்ளைத்தாச்சிக்குச் சொல்லமாட்டம். மூடி மூடி வைச்சுப்போட்டு அதுக்கு அன்பு எண்டு பேர் வைப்பம். கலாவதியும் அதைத்தான் செய்தாள். அவர் வீட்டில நிக்கிற நேரமெல்லாம் போன் அடிக்காமல் ரிசீவரைச் சரிச்சு வைச்சாள். அவர் எழுபத்தொரு ஓட்டமும் நாலு விக்கெட்டும் எடுத்துக்கொண்டு சிரிச்ச முகத்தோட வந்தார். நான் செய்தது சரிதான் எண்டு நினைச்சாள்.

மூண்டாம் நாள் காலமை சரிச்சு வைக்க மறந்துபோனாள். எட்டு மணிக்கு போன் அடிச்சது. பாலேந்திரா மேல, முதுகு நோவுக்குச் சுடுதண்ணித் தொட்டிக்குள்ள கிடந்தார்.

"தம்பி நிக்கிறானோ பிள்ளை?" மாமாவின்ர குரல், மகனைத்தான் கேக்கிறார். சரியான களைப்பு.

மேல தண்ணி சலசலத்தது.

"வெளிக்கிட்டிட்டார் மாமா."

"எத்தினை அடிச்சவன்?"

"எழுபத்தொண்டு. நாலு விக்கெட்டும்."

"கெட்டிக்காரன். அப்ப பிறகு எடுக்கிறன்."

பாவி மனுசி, படியடியில நிண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைச்சுக்கொண்டு போய் அவருக்கு முட்டை பொரிச்சாள்.

வெள்ளிக்கிழமை அவர் போய் அரை மணித்தியாலத்தில கனகாம்பிகை எடுத்துக் குழறினாள். ஐயா போயிட்டார். கலாவதி சாவுத் துடக்கு வீட்டுக்குள்ள சாமி விளக்குக் கொளுத்தாமல் இருந்துகொண்டு, முருகா, கடிதமெண்டாலும் நல்லதாய் வரவேணும் எண்டு மன்றாடினாள். செய்ததுக்கு அது ஒண்டுதான் அவளுக்கு நியாயம்.

ஆட்டம் மத்தியானமே முடிஞ்சது. நாலு மணிக்கு வந்தவர் பையை வைச்சிட்டுக் கடிதத்தை நீட்டினார்.

"வெண்டிட்டம். ஆனால் என்னை வேண்டாமாம்."

"இவ்வளவு ஆடியுமோ?"

"திகதியைப் பார். போன வெள்ளிக்கிழமை. ஆட்டம் துவங்க முன்னமே எழுதி வைச்சிட்டாங்கள். நான் விசரன், நாலு நாளும் ஊசியைப் போட்டுக்கொண்டு சும்மா ஓடியிருக்கிறன்."

கலாவதி திகதியைப் பார்த்தாள். மாமா கேக்க முன்னமே எல்லாம் முடிஞ்ச கதை.

பாலேந்திரா சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் பெருமூச்சு விட்டார். "போகட்டும், நாசமாய்ப் போவாங்கள். இந்தக் கிழமை முழுக்க ஐயாவை நான் நினைக்கவே இல்லை. கண் கட்டு அவிழ்த்திருப்பினம். எனக்கு முதல் முதல் பந்து போட்டது அவர்தானே, அவருக்குத்தான் முதல் சொல்லோணும்." ரிசீவரைத் தூக்கினார். "லொட்ஜ் நம்பரைச் சொல்லு."

கலாவதி அதை அவரின்ர கையிலயிருந்து பறிச்சு நெஞ்சோட இறுக்கிக்கொண்டு நிலத்தில இருந்திட்டாள்.

"எடுக்காதைங்கோ. அங்க அவர் இல்லை. மூண்டு நாளாய் உங்களைக் கேட்டவர். நான்தான் விடேல்லை."