உள்ளே கிடந்த எட்டு நட்டு

நாற்பத்தோராயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். கொப்பித் தாளில் அதை எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்து, வல்லிபுரத்தின் மூக்குக்கு நேரே நீட்டினான் சிவதர்ஷன்.

“வாசி பாப்பம். இப்ப உனக்கு எழுத்துத் தெரியுந்தானே.”

ஏறாவூரில் சாலிஹ் மெக்கானிக்கின் கடை வாசல். பத்து மணி வெயில் அதற்குள் நெருப்பாகிவிட்டிருந்தது. சிவதர்ஷனின் உழவு மெசின், நாலு சில்லு ட்ராக்டர், கடைக்கு முன்னால் நின்றது. பதினொரு நாளைக்கு முன் கழன்று ஓடிய வலப்பக்கப் பின்சில்லை இன்றைக்குத்தான் திரும்பப் பூட்டியிருந்தார்கள். அந்தச் சில்லு கழன்ற செலவுதான் தாளில் இருந்தது. அன்றைக்கு மெசினை ஓட்டியவர் வல்லிபுரம். ஆகவே கடனும் வல்லிபுரத்தினுடையதாம்.

அவர் தாளை வாங்கினார். மெசின் ஓட்டும் லைசனின் எழுத்துப் பரீட்சைக்காக நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கூட்டப் பழகியவர். விரலை வைத்து வரி வரியாகத்தான் போவார். ஸ்டட் எட்டு. புது ஸ்பேசர் ஒன்று. றிம் நிமிர்த்திய கூலி. நொறுங்கிய செங்கல் அறுநூறு. மெசினைத் தூக்கி எடுத்த கூலி. எல்லாம் கூட்டி, வரம்பு கட்டியதற்கு அவருக்குக் கொடுக்க வேண்டிய ஆறு நாள் கூலி பதினைந்தாயிரத்தைக் கழித்து, மிச்சம் போட்டிருந்தது.

“மழை பெய்யாத நட்டத்தையும் இதுக்குள்ள எழுதியிருக்கலாமே முதலாளி,” என்றார்.

“பகிடி விடாத. சல்லிய வச்சிட்டு லைசன எடு. அதுமட்டும் அது என்னட்டத்தான் கிடக்கும்.”

சிவதர்ஷன் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான். லைசன் உள்ளேதான் இருந்தது. விபத்தன்று பொலிசுக்குக் காட்ட வேண்டும் என்று வாங்கியவன், திருப்பிக் கொடுக்கவில்லை. இன்றைக்கு அவர் மெசினை முதலாளி வீடு இருக்கிற வந்தாறுமூலைக்கு ஓட்டிப் போகும்போது யாரும் மறித்தால் காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்தான். கட்டாரில் ஐந்து வருடம் இருந்து வந்து மெசின் வாங்கியவனுக்கு, மெசின் ஓட்டத் தெரியாது.

வல்லிபுரத்துக்கு அந்த லைசன் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். ஓட்டமாவடி அஹமட் முதலாளியின் மெசின் வாகரைப் பக்கம் நாற்பது நாள் உழவுக்குப் போகிறது. லைசனோடு வந்தால் வேலை, வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார். அந்த நாற்பது நாள் உழவில்தான் வல்லிபுரத்தின் வீட்டில் ஆறு மாதம் அடுப்பு எரியும். இன்று புதன்.

சில்லு கழன்ற கதை இதுதான். பெரும்போகத்துக்கு முன், எங்கோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, பின்சில்லு இரண்டையும் வெளியே தள்ளிப் பூட்டினால் சேற்றில் மெசின் சரியாது என்று சிவதர்ஷன் முடிவெடுத்தான். அச்சுக்கும் சில்லுக்கும் நடுவில் ஸ்பேசர் என்கிற தடித்த இரும்புத் தட்டை வாங்கி, சாலிஹிடம் கொடுத்துப் பூட்டினான். தட்டை அச்சோடு பிடிப்பது, ஸ்டட் என்கிற மரையாணிகளில் ஏறும் உள்ளே எட்டு நட்டு. சில்லைத் தட்டோடு பிடிப்பது வெளியே எட்டு நட்டு. சில்லைப் பூட்டிவிட்டால் உள்நட்டு கண்ணுக்குத் தெரியாது.

“ஒரு நாள் ஓடினாப் பொறகு சில்லக் கழட்டி உள்நட்டத் திரும்ப இறுக்கணும்,” என்று சாலிஹ் அன்றே சொல்லி அனுப்பினார். அந்த ஒரு நாள் ஓடி முடிந்த மறுநாள் ஆயுத பூசை. ஜாக்கி, சில்லுச் சாவி, ஸ்பானர் எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் வைத்து, செவ்வந்திப் பூப் போட்டு, படத்துக்கு முன்னால் அடுக்கி அறையைச் சாத்திவிட்டார்கள். மெசினுக்கும் மாலை போட்டார்கள். மத்தியானம் செங்கல் ஏற்ற ஆள் வந்து இரட்டைக் கூலி தருகிறேன் என்றதும், மெசினை மட்டும் பூசையிலிருந்து எடுத்தார்கள்.

உள்நட்டை இறுக்க வல்லிபுரம் சில்லுச் சாவி கேட்டார். “பூசையில வச்ச சாமான விசயதசமி விடியாம ஆரும் தொடுவானா? உனக்கு மண்டை சரியில்லயா?” என்று ஏசினான் சிவதர்ஷன். அப்படியென்றால் சாலிஹின் கடைக்குப் போய் இறுக்கிக்கொண்டு வருகிறேன் என்றார். டீசல் உன் அப்பனா தருவான் என்று கேட்டான். வெளிநட்டைக் கையால் தடவிப் பார்த்து, “கல்லு மாதிரி இருக்கு, ஏத்து,” என்றான். நாலாவது மைலில், வாவிக்கரை றோட்டில், வலது சில்லு மெசினை முந்திக்கொண்டு ஓடிக் கரையோரக் கண்டல் மரங்களுக்குள் விழுந்தது. பின்னால் பூட்டியிருந்த பெட்டி சரிந்து செங்கல் எல்லாம் தண்ணீருக்குள் போனது. வல்லிபுரத்துக்கு விலா எலும்பில் இன்னும் நோ.

இப்போது அவர் தாளை மடக்கவில்லை. விரலை முதல் வரியில் வைத்துக்கொண்டு சாலிஹைப் பார்த்தார்.

“சாலிஹ் காக்கா, எத்தின ஸ்டட் புதுசு போட்ட நீங்க?”

சாலிஹ் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். “மூணு. ஒடஞ்சது மூணு, போட்டது மூணு. மத்த அஞ்சிட நட்டும் அண்டைக்கு தானாக் கழண்டு போச்சு. மரை தேஞ்சு, ஸ்டட்டும் இழுபட்டு நீண்டிரிக்கி. எட்டையும் மாத்தச் சொன்ன நான். முதலாளி வேணாமாம்.”

“ஸ்பேசர்?”

“பழசுதான். ஓட்டையெல்லாம் முட்டை மாதிரி நீண்டு போச்சு. அதையும் சொன்ன நான்.”

“இதில எட்டுக்குச் சல்லி எழுதியிருக்கு,” என்றார் வல்லிபுரம். “ஸ்பேசருக்கும் எழுதியிருக்கு. புதுசு எண்டு.”

சிவதர்ஷனின் முகம் ஒரு கணம் கறுத்தது. “வாங்கத்தான் போறன். ஆறுதலா வாங்குவன். உனக்கென்ன அது? குழிக்குள்ள விட்டு அடிச்சு ஒடச்சது நீதானே.”

சாலிஹ் ஒரு பால்மாத் தகரப் பேணியை எடுத்து, உடைந்த மூன்று துண்டையும் மேசையில் கொட்டினார். “இஞ்ச பாருங்க தம்பி. ஒடஞ்ச முகத்தில பாதி கறுப்பு, பாதி வெள்ளை. கறுத்த பாதி மெல்ல மெல்லப் பிளந்து வந்த இடம். குழியில அடிச்சு ஒரேயடியா ஒடஞ்சா முழுக்க வெள்ளையா இரிக்கும். உள்நட்டு இறுக்காமத்தான் இது ஒடஞ்சிரிக்கி. ஒங்கட சாவி பூசையில கிடந்திச்சு, சரி. என்ட சாவி இஞ்சதானே கிடந்த. கடையும் திறந்துதான் இருந்திச்சு.”

“எட்டு ஸ்டட் விக்கிறதுக்கு நீங்க ரெண்டு பேரும் சேந்து பறையிற கத இது. எனக்கு விளங்காதா?”

“எனக்கு ஒங்கட சல்லி வேணாம். இந்தா, பில்லிலயே எழுதியிரிக்கன்: ‘அஞ்சு பழசு, சொல்லியும் மாத்தல்ல’ எண்டு. நாளைக்கு ஆரும் செத்தா என்னத் தேடி வராதீங்க.”

பக்கத்துத் தேநீர்க் கடையில் இருந்தவர்கள் கோப்பையோடு எழும்பி வந்துவிட்டார்கள். சிவதர்ஷன் அதைக் கண்டதும் குரலை உயர்த்தினான்.

“சில்லுக்கு ஒண்டும் இல்ல. நல்லா இருக்கு. நாளைக்கு விடிய புல்லுப் பிடுங்க எட்டுப் பொம்புளையள் இதிலதான் வயல் வட்டைக்குப் போறாளுகள். நீ ஏறி வீட்ட கொண்டு போ. சும்மா பயந்தாங்கொள்ளி மாதிரி நிக்காத.”

“நல்லா இருக்கா?”

“ஓம்.”

“அப்ப நீயும் ஏறு.” வல்லிபுரம் வலது சில்லுக்கு மேலிருந்த மட்காட்டைத் தட்டினார். வயலுக்குப் போகும் கூலிக்காரர் குந்துகிற இடம் அது. முதலாளிமார் மோட்டார் சைக்கிளில் பின்னால்தான் வருவார்கள். “அந்தப் பொம்புளையள் இருக்கிற இடத்தில நீ இரு. வந்தாறுமூலைமட்டும் இறங்காம வந்தியெண்டா நாற்பத்தொண்டு இல்ல, எண்பது எழுது, உழைச்சுத் தாறன். இடையில இறங்கினா கடனும் இல்ல, லைசனும் என்ட கையில.”

யாரோ சிரித்தார்கள். “ஏறுங்க முதலாளி, காத்தும் வாங்கலாம்,” என்றது ஒரு குரல்.

சிவதர்ஷன் ஏறினான். ஏறாமல் இருக்க அவனுக்கு வழி இருக்கவில்லை.

வல்லிபுரம் மெசினை நடை வேகத்தில்தான் விட்டார். பின்னால் பெட்டி இல்லை, பாரம் இல்லை. அவருக்கும் உயிர் ஒன்றுதான். முதல் அரை மைல் ஒன்றும் கேட்கவில்லை. சிவதர்ஷன் கைபேசியை எடுத்து யாரோடோ பேசக்கூடத் தொடங்கினான். மதகைத் தாண்டிய இடத்தில் ‘டக்’ என்றது. கொஞ்சத் தூரத்தில் இன்னொன்று. பிறகு சில்லு ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஒன்று. அவன் பேச்சை விட்டுவிட்டு மட்காட் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தான்.

“என்ன சத்தம் அது?”

“நல்ல சில்லிட சத்தம்.”

டக். டக். மட்காட் அவனுக்குக் கீழே அசைந்தது. எதிரே வந்த லொறிக்காரன் கையை நீட்டிச் சில்லைக் காட்டி என்னவோ கத்திக்கொண்டு போனான்.

“நிப்பாட்டு.”

“வந்தாறுமூலை இன்னும் வரல்ல.”

“நிப்பாட்டுடா!”

வல்லிபுரம் கரையில் ஒதுக்கி நிறுத்தினார். மெசின் முழுதாக நிற்கும் முன்பே சிவதர்ஷன் குதித்து, கால் மடங்கி, மண்ணில் கையை ஊன்றி எழும்பினான். சில்லு மேற்பக்கம் வெளியே சாய்ந்து நின்றது. வல்லிபுரம் குனிந்து அச்சுப் பக்கத்தால் பார்த்தார். அச்சுக்கும் ஸ்பேசருக்கும் நடுவில் அவருடைய பெருவிரல் நுழைந்தது. மண்ணில் ஸ்டட்டின் உடைந்த துண்டு ஒன்று கிடந்தது. எடுத்தார். சூடாக இருந்தது. அதைச் சிவதர்ஷனின் கையில் வைத்தார். அவன் கையை உதறினான்.

“நாளைக்கு எட்டுப் பொம்புளையள்,” என்றார்.

சிவதர்ஷன் லைசனை எடுத்துக் கொடுக்கவில்லை. வீசினான். அது றோட்டோரச் சேற்றில் விழுந்தது. வல்லிபுரம் அதை எடுத்துச் சாரத்தில் துடைத்துவிட்டு, மடியில் இருந்த கொப்பித் தாளை விரித்தார்.

“எழுது.”

“என்னத்த எழுதிற?”

“கடன் இல்லையெண்டு. திகதி போட்டு, ஒப்பம் வச்சுத் தா. நாளைக்கு அஹமட் முதலாளியிட்டப் போய் வல்லிபுரம் கடன்காரன் எண்டு நீ சொல்லுவ.”

சிவதர்ஷன் மட்காட்டில் தாளை வைத்து எழுதினான். வல்லிபுரம் அதை வாங்கி, விரலை வைத்து வாசித்தார். அவசரப்படவில்லை. வெயிலில் சிவதர்ஷன் நின்றான். ஒரு எழுத்தில் விரலை நிறுத்தி, “இது என்ன?” என்று கேட்டார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். அவர் திரும்ப முதலிலிருந்து வாசித்தார். பிறகு தாளை லைசனோடு சேர்த்து மடித்து மடியில் சொருகினார்.

“மெசின ஆர் கொண்டு போற?”

“சாலிஹ் காக்காட கடை திறந்துதான் கிடக்கு. கூப்பிடு, வருவார்.”

“அப்ப உன்ட பதினஞ்சு?” அவன் கேட்டது கொடுப்பதற்கல்ல, குத்துவதற்கு. “கூலிச் சல்லி? அதுக்குத் துண்டு எழுதல்லயே.”

வல்லிபுரம் ஓட்டமாவடிப் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அத நீ வச்சிரு. அதில ஸ்டட் வாங்கு. மிச்சத்துக்கு உன்ட சாவிக்குப் பூ வாங்கி வை.”