அந்த இடத்தில் ஒரு புள்ளி

அக்காவின் இடது கை நகங்களை வெட்டி முடித்து, வலது கையைத் தூக்கியபோது தம்பியின் போன் அதிர்ந்தது. நெட்டை. அக்காவோடு இருபது வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தவர். கதவுக்குக் கதவு குனிந்து வருகிற உயரம் என்பதால் அவள் வைத்த பெயர். தம்பி ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய்ப் பேசினான். பெரிய தொலைநோக்கியின் படம் வந்துவிட்டதாம். அக்கா பார்க்கச் சொன்ன அந்த இடத்தில் மங்கலாக ஒரு புள்ளி இருக்கிறதாம். அக்காவிடம் சொல்வதா வேண்டாமா, நீங்களே பார்த்துச் செய்யுங்கள் என்றார். அக்கா இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

அக்கா தேடியது எரிந்து முடிந்து ஓர் ஊரளவுக்குச் சுருங்கிப்போன நட்சத்திரங்களை, அதிலும் துணையே இல்லாதவற்றை. விண்வெளியில் சுற்றும் எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு அவற்றின் சூடு தெரியும். சாதாரணப் படத்தில் அதே இடம் காலியாக இருக்க வேண்டும். மங்கலாகவாவது புள்ளி தெரிந்தால் அது வேறு ஏதோ. இதுவரை கிடைத்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீட்டில் அவள் அவற்றைத் தனிக்கட்டை என்பாள். கல்யாணம் செய்துகொள்ளாத அவளைச் சொந்தக்காரர்கள் சொன்னதும் அதே வார்த்தைதான்.

அப்பாவோ கடைசிவரை, பெண் எக்ஸ்ரேயில் வேலை பார்க்கிறாள் என்றே சொல்லிவந்தார். அவள் லீவில் வந்தால் போதும், அக்கம்பக்கத்தவர்கள் முட்டிப் படம், விலாப் படத்தோடு வந்து நிற்பார்கள். அவளும் சளைக்காமல் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவைப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எவ்வளவு நன்றாக இருந்தன. மூக்குக்கண்ணாடிக் கடையைச் சாத்திவிட்டுத் தம்பி அவள் வீட்டுக்குப் போவான். டீ டம்ளர்களை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சமையலறை மேசையில் வானத்தின் படங்களைப் பரப்புவாள். எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்திருக்கும். இருந்தாலும் கண்ணாடிக் கடைக்காரனும் ஒரு தடவை பார்க்கட்டுமே என்பாள். அவள் போட்ட பென்சில் வட்டத்துக்குள் உற்றுப் பார்த்து “ஒண்ணும் இல்ல” என்று சொல்வது அவன் வேலை. அப்போது அவள் முகம் மலர்வதைப் பார்ப்பதற்காகவே போனான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் இதே இடத்தின் படத்தைக் காட்டினாள். முதல் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய வாரம். வட்டத்துக்குள் ஒரு பொட்டு தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். “ஒண்ணும் இல்ல” என்றான்.

அதன்பின் நான்கு வருடமும் அவள் இதையேதான் கட்டிக்கொண்டு அழுதாள். தன்னால்தான் என்று அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் நிம்மதியாகப் போவாள். ஆனால் அவளிடம் இன்னொரு பொய்யை அவனால் சொல்ல முடியவில்லை.

திரும்பி வந்து வலது கையை எடுத்துக்கொண்டான்.

“நெட்டை பேசினாரு. புள்ளி இருக்காம்.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாளோ என்று நினைத்தான். கண்ணோரம் ஈரமாகியது.

“நான் அப்பவே பாத்தேன்க்கா. உன் மூஞ்சியப் பாத்துட்டு இல்லன்னு சொல்லிட்டேன்.”

அவள் உதடு கோணியது. சிரிப்புதான்.

“அது சின்னத் தொலைநோக்கிப் படம்டா, இவ்வளவு மங்கலானது அதுல தெரியவே தெரியாது. நீ பாத்தது பிரிண்டர் மை.” மூச்சு வாங்கினாள். “நானும்தான் பாத்தேன். நகத்தால சுரண்டினேன், வந்துருச்சு.”

அவன் நகவெட்டியைக் கீழே வைத்தான்.

“நாலு வருஷமா இதையா மனசுல வச்சிருந்த?”

தலையாட்டினான். பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டு அடுத்ததைப் பார்க்கும்படி நெட்டையிடம் சொல்லச் சொன்னாள். சுண்டுவிரல் நகம் பாக்கி இருப்பதையும் ஞாபகப்படுத்தினாள்.

மூன்று மணிக்கு மேல் மூச்சு நின்றது. தம்பியை வெளியே இருக்கச் சொன்னார்கள். வராந்தா பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏதோ காகிதத்தோடு வந்த நர்ஸ் பொதுவாகக் கேட்டாள்.

“பன்னெண்டாம் பெட்டு கூட யாரு?”

தம்பி கையைத் தூக்கியபடி எழுந்தான்.

“நான் இருக்கேன்.”